ஐசி எப்படி வந்தது? அவசரகாலத் தோட்டமும் இன்றைய பாதுகாப்புச் சட்டமும்



ஆறாம் ஆண்டு வகுப்பில் வருஷா வருஷம் நடக்கிற ஒரு வேலை உண்டு. வகுப்பாசிரியர் பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, "உனக்கு ஐசி எடுத்தாச்சா?" என்று ஒவ்வொருவராகக் கேட்பார். 12 வயது ஆன பிள்ளை 30 நாளுக்குள் தேசியப் பதிவு இலாகாவில் மைகார்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. பிள்ளைகளுக்கு அது ஒரு கொண்டாட்டம். படம் நல்லா விழணும் என்று தலையை வாரிக்கொண்டு சிரம்பானுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

அது ஏன் 12 வயது? பத்தாக இருக்கலாம், பதினெட்டாக இருக்கலாம். வகுப்பில் இதைக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பதில் வராது. 1948இல் இந்த நாட்டில் முதன்முதலாக எல்லோருக்கும் அடையாளக் கார்டு கொடுத்தபோது வைத்த வயதும் 12தான். அந்தக் கார்டு வங்கிக்கோ பள்ளிக்கோ வந்ததல்ல. பயங்கரவாதியைப் பிரித்துக் காட்டுவதற்காக வந்தது. இதைத் தெரிந்துகொண்டால் அவசரகாலப் பாடம் மட்டுமல்ல, இன்று செய்தியில் கேட்கிற 'சொஸ்மா', 'குடிநுழைவுச் சோதனை', 'சிவப்பு ஐசி' எல்லாமே ஒரே கயிற்றில் வருவது புரியும். அதனால்தான் இந்தக் கட்டுரையை ஐசியிலிருந்து தொடங்குகிறேன்.

1948 ஜூன் 16ஆம் நாள் காலை, பேராக் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்டத் துரைமார் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜூன் 18இல் மலாயா முழுமைக்கும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. ஜூலை 23இல் மலாயா கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டது. இதெல்லாம் படிவம் 4 வரலாற்றுப் பாடநூலில் 6ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. மாணவர்கள் தேதிகளை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஆனால், தோட்டத்தில் இருந்த நம் ஆட்களுக்கு அன்றைக்கு என்ன ஆனது என்று கேட்டால் பேச்சில்லை.

அரசாங்கத்துக்கு இருந்த பெரிய சிக்கல் இதுதான். காட்டிலிருந்து இறங்கி வருகிறவன் யார், லயத்தில் குடியிருக்கிறவன் யார் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியவில்லை. பகலில் பால்மரம் வெட்டுகிறவன் இரவில் அரிசி மூட்டையைக் காட்டோரம் வைக்கிறானா? ஆசையாக வைக்கிறானா, கழுத்தில் கத்தி இருப்பதால் வைக்கிறானா? வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆகவே, 12 வயதும் அதற்கு மேலும் உள்ள எல்லோரையும் பதிவு செய்து, படமும் கட்டைவிரல் ரேகையும் உள்ள கார்டு கையில் கொடுத்தார்கள். போலீஸ் கேட்டால் காட்ட வேண்டும். காட்ட முடியாதவன் சந்தேகத்துக்குரியவன்.

அந்தக் கார்டு எவ்வளவு முக்கியமானது என்பது கம்யூனிஸ்டுகளுக்கும் புரிந்துவிட்டது. தோட்டங்களுக்குள் வந்து தொழிலாளர்களின் கார்டுகளைப் பறித்துக்கொண்டு போனார்கள், கிழித்தார்கள், எரித்தார்கள். பேருந்தை நிறுத்திப் பயணிகளின் கார்டுகளைப் பிடுங்கியதும் உண்டு. கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். கார்டைக் கொடுக்காவிட்டால் காட்டுக்காரன் அடிப்பான். கொடுத்துவிட்டால் மறுநாள் சாலையில் போலீஸ் பிடிக்கும். இடையில் மாட்டிக்கொண்டவர், துப்பாக்கியைத் தொட்டே பார்க்காத ஒரு மரம் வெட்டுகிறவர். பயங்கரவாதத்தைப் பற்றி எழுதும்போது மாணவர்கள் 'அரசு', 'பயங்கரவாதி' என்று இரண்டு பக்கம்தான் போடுகிறார்கள். மூன்றாவதாக இந்த மனிதரையும் போட்டால் கட்டுரைக்கே வேறு கனம் வரும்.

1950இல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. லெப்டினென்ட் ஜெனரல் ஹெரால்டு பிரிக்ஸ் வகுத்த அந்தத் திட்டத்தின் உயிர்நாடி, காட்டுக்கும் ஊருக்கும் இடையே உள்ள தொடர்பை அறுப்பது. காட்டோரம் சிதறிக் குடியிருந்த சுமார் 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், வேலியிட்ட புதுக்கிராமங்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். நாம் இங்கே 'கம்போங் பாரு ரஹாங்' என்று வாய் ஓயாமல் சொல்கிறோம். 'கம்போங் பாரு' என்ற பெயர் இந்த நாட்டில் பல இடங்களில் அந்த வேலிக் காலத்தின் பெயர். பாடநூல் இதைச் சொல்லுகிறது. அதிகம் சொல்லாதது, தோட்டத் தொழிலாளர்களும் லட்சக்கணக்கில் இதே மாதிரி ஒன்றுதிரட்டப்பட்டார்கள் என்பது. தூரத்துத் திம்பார்களில் இருந்த லயங்கள் காலி செய்யப்பட்டு, எல்லோரும் ஒரே இடத்தில், முள்கம்பி வேலிக்குள் குடியேற்றப்பட்டார்கள்.

அந்த வேலிக்குள் ஒரு நாள் எப்படி இருந்திருக்கும்? இருட்டோடு பெரட்டுக்குப் போக வேண்டிய ஆள், ஊரடங்கு முடியும் வரை வெளியே போக முடியாது. வாசலில் சோதனை. ஆண்களை ஆண்களும் பெண்களைப் பெண்களும் தடவிப் பார்ப்பார்கள். அரிசி அளந்துதான் கிடைக்கும். உணவுக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த பகுதிகளில், சமைத்த சோற்றைக்கூட வேலைக்காட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. டின் உணவு விற்றால், கடைக்காரர் அங்கேயே டின்னில் ஓட்டை போட்டுக் கொடுக்க வேண்டும். காட்டில் சேமித்து வைக்க முடியாதபடி கெட்டுப்போகட்டும் என்ற கணக்கு. 1952இல் நம் சிரம்பான் வட்டாரத்திலேயே இப்படி உணவை மறிக்கும் பெரிய இராணுவ நடவடிக்கை நடந்தது. விடியற்காலை ஐந்து மணிக்கு மரம் வெட்டப் போய், மதியம் வரை வெறும் வயிற்றில் பால் வாளியைத் தூக்கிய பெண்களின் கதை எந்தத் தேர்விலும் வராது. வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய பாட்டி இருந்தால் இன்றே கேளுங்கள். அவர்கள் அப்போது சின்னப் பிள்ளைகள். ஆனால் வேலியை மறந்திருக்க மாட்டார்கள்.

இந்த நடவடிக்கைகள் பலன் தரவில்லையா என்று ஒரு மாணவர் கேட்கலாம். தந்தன. கெரில்லாக்களுக்குச் சோறு போவது குறைந்தது, கை ஓங்கியது அரசுக்கு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆபத்தும் உண்மைதான். 1951 அக்டோபர் 6இல் பிரேசர் மலைச் சாலையில் உயர் ஆணையர் ஹென்றி கர்னியே சுட்டுக் கொல்லப்பட்டார். அதே சமயம், விசாரணை இல்லாமல் ஆண்டுக்கணக்கில் அடைத்து வைக்கவும், நாடு கடத்தவும் அவசரகால விதிகள் இடம் தந்தன என்பதும் உண்மை. அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டில் 1949 மே 4இல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்திய அரசாங்கம் அவருக்காகக் கேட்டுப் பார்த்தும் நடக்கவில்லை. கம்யூனிஸ்டுகளோடு சேர்த்துத் தோட்டங்களில் வலுவான தொழிற்சங்கமும் சாய்ந்துபோனது. கூலி கேட்பது எது, கலகம் செய்வது எது என்று கோடு போடுகிற வேலையைப் பல இடங்களில் துரையே செய்தார்.

இனி குடிநுழைவுக்கு வருவோம். அவசரகாலத்தின் நடுவிலேயே, 1953இல், புதிய குடிநுழைவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதுவரை தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்துபோன கூலித் தொழிலாளிக்கு அந்த வாசல் ஏறக்குறைய மூடியது. 1957இல் சுதந்திரம் வந்தது. குடியுரிமைக்கு விண்ணப்பித்தவர் குடிமகனானார். விண்ணப்பிக்காதவர், மொழித் தேர்வுக்குப் பயந்தவர், "நமக்கு எதுக்கு பேப்பரு, கிராணி பார்த்துக்குவாரு" என்று இருந்தவர், இவர்கள் கையில் சிவப்பு ஐசி வந்தது. அதாவது நிரந்தர வசிப்பிடத் தகுதி உண்டு, குடியுரிமை இல்லை. அதன் விலை 1969க்குப் பிறகு தெரிந்தது. 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடிமகன் அல்லாதவருக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. பெர்மிட் கிடைக்காமல் சுமார் 60,000 இந்தியர்கள் தாயகம் திரும்பினார்கள் என்று பொதுவாகக் கணக்குச் சொல்லப்படுகிறது. தாயகம் என்று பேச்சுக்குச் சொல்கிறோம். அவர்களில் பலர் பிறந்தது இங்கே.

நடுவில் ஒரு தேதிக் கணக்கு. தேர்வு எழுதுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். அவசரகாலம் 1960 ஜூலை 31இல் முடிந்தது. மறுநாள், ஆகஸ்ட் 1இல், உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், அதாவது இசா, வந்தது. இசா ரத்தாகி அதன் இடத்தில் சொஸ்மா நடைமுறைக்கு வந்ததும் ஒரு ஜூலை 31தான், 2012இல். ஒரு கதவைச் சாத்திய கையோடு இன்னொரு கதவைத் திறந்த மாதிரி.

இரண்டுக்கும் வேறுபாடு உண்டு, அது முக்கியம். இசாவில் உள்துறை அமைச்சர் கையெழுத்துப் போட்டால் விசாரணையே இல்லாமல் இரண்டு ஆண்டு அடைக்கலாம், பிறகு நீட்டிக்கலாம். 2007 நவம்பர் 25 ஹிண்ட்ராப் பேரணிக்குப் பிறகு டிசம்பர் 13இல் ஐந்து பேர் அப்படித்தான் கமுண்டிங்குக்குப் போனார்கள். சொஸ்மாவில் பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம். அதிகபட்சம் 28 நாள் விசாரணைக் காவல். அதற்குள் ஒன்று நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும், இல்லையென்றால் விட வேண்டும். இது முன்னேற்றம்தான். ஆனால், வழக்கறிஞரைப் பார்ப்பதை 48 மணி நேரம் வரை தள்ளிப்போடலாம். குற்றஞ்சாட்டப்பட்ட பிறகு ஜாமீன் பொதுவாகக் கிடையாது. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தால், தீர்ப்பு வரும் முன்பே தண்டனை அனுபவித்த கணக்குத்தான்.

இது எங்கோ நடந்த விஷயம் இல்லை. ரஹாங்கும் சிரம்பான் ஜெயாவும் ஒரே ராசா நாடாளுமன்றத் தொகுதிக்குள் அடங்கிய இரண்டு சட்டமன்றத் தொகுதிகள். 2019 அக்டோபர் 10இல், சிரம்பான் ஜெயா சட்டமன்ற உறுப்பினர் பி. குணசேகரனும், மலாக்காவின் காடேக் சட்டமன்ற உறுப்பினர் ஜி. சாமிநாதனும், இன்னும் ஐவரும் சொஸ்மாவின் கீழ் கைதானார்கள். இரண்டு நாளில் மேலும் ஐவர். மொத்தம் 12 பேர், எல்லோரும் இந்தியர்கள். விடுதலைப் புலிகள் அமைப்போடு தொடர்பு என்பது புகார். அந்த அமைப்பு இலங்கையில் 2009 மே மாதமே தோற்கடிக்கப்பட்டுவிட்டது. மலேசியா அதைப் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது 2014இல். அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 27. பன்னிரண்டு வீட்டில் அன்றைக்கு என்ன பண்டிகை நடந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மாத இறுதியில் தண்டனைச் சட்டத்தின் பயங்கரவாதப் பிரிவுகளின்கீழ் அவர்கள் குற்றஞ்சாட்டப்பட்டார்கள். அமைப்புக்கு ஆதரவு தந்தது, அது சம்பந்தப்பட்ட படங்களைக் கைப்பேசியில் வைத்திருந்தது போன்றவை குற்றச்சாட்டுகள். நவம்பர் 29இல், சாமிநாதன் வழக்கில் உயர் நீதிமன்ற நீதிபதி முகமட் நஸ்லான் கசாலி, ஜாமீனை மறுக்கும் சொஸ்மா 13ஆம் பிரிவு அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். ஜாமீன் தரலாமா என்று முடிவு செய்வது நீதிமன்றத்தின் வேலை, அதைச் சட்டம் எழுதுகிறவர்கள் பறிக்கக் கூடாது என்பது அதன் சாரம். அந்தத் தீர்ப்போடு சொஸ்மா போய்விடவில்லை, சட்டம் இன்னும் இருக்கிறது. 2020 பிப்ரவரி 21இல் அப்போதைய சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ், 12 பேர் மீதான வழக்கையும் கைவிட்டார். குற்றத்தை நிரூபிக்கக்கூடிய அளவுக்குச் சான்று இல்லை, ஒருவர் படத்தைக் கைப்பேசியில் வைத்திருப்பதால் மட்டும் யாரும் பயங்கரவாதி ஆகிவிட மாட்டார் என்று விளக்கினார்.

நான்கு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. போலீஸ் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்று சொல்ல வரவில்லை. 2016 ஜூன் 28இல் பூச்சோங்கில் ஒரு கேளிக்கை மையத்தில் வெடிகுண்டு வீசி எட்டுப் பேருக்குக் காயம். 2024 மே 17இல் ஜோகூர் உலு திராம் போலீஸ் நிலையத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் கொல்லப்பட்டார்கள். பயம் காரணமில்லாமல் வருவதில்லை. பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. பயத்தில் நாம் மூன்று கேள்விகளை ஒன்றாகக் குழைத்துவிடுகிறோம்.

இவர் யார் என்பது ஒரு கேள்வி. அது பதிவு இலாகாவின் வேலை, அதற்குச் சான்று பிறப்புப் பத்திரமும் ஐசியும். இவர் இந்த நாட்டுக்குள் வரலாமா, தங்கலாமா என்பது இரண்டாவது. அது குடிநுழைவு இலாகா, சான்று பாஸ்போர்ட்டும் பெர்மிட்டும். இவர் குற்றம் செய்தாரா என்பது மூன்றாவது. அது போலீஸ், பிறகு நீதிமன்றம். அங்கே வேண்டியது செயலுக்கான சாட்சியம். பெர்மிட் காலாவதியானவர் பயங்கரவாதி ஆகிவிட மாட்டார். செல்லத்தக்க பாஸ்போர்ட் வைத்திருப்பவர் நல்லவர் என்றும் ஆகிவிடாது. ஐசி இல்லாதவர் வெளிநாட்டுக்காரர் என்றுகூடச் சொல்ல முடியாது.

இதற்கு அண்மைய உதாரணம் ஒன்று இருக்கிறது. 2025 ஜூனில், ஐ.எஸ். கொள்கையைப் பரப்பிப் பணம் திரட்டியதாக 36 வங்காளதேசத் தொழிலாளர்கள் கைதானதாக உள்துறை அமைச்சர் அறிவித்தார். அவர்களில் ஐவர் குற்றஞ்சாட்டப்பட்டார்கள், 15 பேரை நாடு கடத்த உத்தரவு, 16 பேர் அப்போது விசாரணையில். கவனித்தீர்களா? ஒரே செய்திக்குள்ளேயே மூன்று வெவ்வேறு பாதை. இந்த மாதிரிச் செய்தி வந்த வாரத்தில் மாணவர் கட்டுரையைத் திருத்தினால், "அந்நியத் தொழிலாளர்களால் நாட்டில் பயங்கரவாதம் பெருகுகிறது" என்ற வாக்கியம் நிச்சயம் இருக்கும். சிவப்பு மையில் சுற்றிவிட்டுப் பக்கத்தில் எழுதுங்கள்: எத்தனை பேர்? என்ன செய்தார்கள்? யார் முடிவு செய்தார்கள்? நம் மாநிலத் தோட்டங்களில் இப்போது வேலை செய்கிறவர்கள் வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும்தான். அந்த லயத்தில், அதே சந்தேகப் பார்வையில், எழுபது ஆண்டுக்கு முன் நின்றது அந்த மாணவரின் கொள்ளுத்தாத்தா.

தேர்வு எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 'நாட்டின் பாதுகாப்பில் மக்களின் பங்கு' போன்ற தலைப்பு வந்தால், எல்லோரும் எழுதுகிற 'ஒற்றுமை', 'விழிப்புணர்வு' என்பதோடு நிறுத்தாதீர்கள். 1948இன் கார்டு, 1950இன் வேலி, 2012இன் 28 நாள் ஆகிய மூன்றையும் வைத்து, ஒவ்வொன்றும் யாரைத் தேடியது, யார் மீது விழுந்தது என்று எழுதிப் பாருங்கள். சொல்வளம் தானாக வரும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஆறாம் ஆண்டுப் பட்டியலில் ஐசி எண் எழுத வேண்டிய கட்டம் சில வகுப்புகளில் ஒன்றிரண்டு பெயருக்குக் காலியாக இருக்கும். சோம்பேறிப் பெற்றோர் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் காரணம் பழையது. பாட்டிக்குச் சிவப்பு ஐசி, அம்மா பிறந்ததைத் தோட்டத்தில் யாரும் பதியவில்லை, மகனுக்கு இப்போது எண் இல்லை. இல்லையென்றால், அப்பா மலேசியர், அம்மா வெளிநாட்டவர், கோயிலில் தாலி கட்டியாச்சு, பதிவு மட்டும் செய்யவில்லை. பதிவில்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குச் சட்டம் தாயின் குடியுரிமையைத்தான் பார்க்கிறது. அப்பாவின் நீல ஐசி அங்கே உதவாது. முஸ்லிம் அல்லாதார் திருமணத்தைப் பதிய வேண்டும் என்ற சட்டம் 1982 மார்ச் 1 முதல் இருக்கிறது. அது இன்னும் நம் கல்யாண வீடுகளுக்குள் முழுசாக நுழையவில்லை.

2024இல் இன்னொரு மாற்றம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மாருக்கு அது நல்ல செய்தி, அவர்கள் பிள்ளைக்கும் குடியுரிமை உண்டு. ஆனால் அதே திருத்தம், நிரந்தர வசிப்பிடத் தகுதியுள்ள பெற்றோருக்கு, அதாவது சிவப்பு ஐசிக்காரருக்கு, இங்கே பிறக்கும் பிள்ளை தானாகக் குடிமகனாகும் வழியை எடுத்துவிட்டது. தாய்மார் பகுதி பத்திரிகையில் பெரிதாக வந்தது. இந்தப் பகுதி பல வீடுகளுக்குத் தெரியவே தெரியாது.

எனக்குத் தெரிந்த ஒரு பையன் கால்பந்தில் கெட்டிக்காரன். பன்னிரண்டு வயதில் மாவட்டப் போட்டிக்குத் தேர்வானான். பாரத்தில் ஐசி எண் கேட்டார்கள், இல்லை. வேறு பையன் போனான். அவனுக்கு ஆவணம் தேடி அலைந்தபோது, பாட்டி ஒரு மைலோ டின்னைத் திறந்து, பழுப்பேறிய மடித்த அட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அவருடைய அப்பாவின் அவசரகாலக் கார்டு. படம் மங்கியிருந்தது, கட்டைவிரல் ரேகை மட்டும் தெளிவாக இருந்தது. "இத வச்சுத்தான் எங்கப்பா வேலியத் தாண்டுவாரு"ன்னு சொன்னார். பேரன் வழக்குக்கு அது நேரடிச் சான்று ஆகவில்லை. ஆனால் குடும்பம் எப்போதிருந்து இங்கே இருக்கிறது என்று காட்ட, கோப்பில் முதல் தாளாக அதன் நகலைத்தான் வைத்தோம்.

உங்கள் பட்டியலில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால், ஆறாம் ஆண்டு முடியும் வரை காத்திருக்காதீர்கள். முதலாம் ஆண்டிலேயே கேளுங்கள். பிறப்பு 60 நாளுக்குள் பதியப்படாமல் போயிருந்தாலும் தாமதப் பதிவுக்கு வழி உண்டு. பிள்ளை பிறந்த மருத்துவமனைக் குறிப்பு, தடுப்பூசி அட்டை, பெற்றோர் திருமணச் சான்று, தாத்தா பாட்டியின் பழைய ஐசி, தோட்டத்துச் சம்பளச் சீட்டு என்று எது கிடைத்தாலும் எறியாமல் நகலெடுத்து வையுங்கள். பதிவு இலாகா முகப்பில் பெற்றோர் தனியாக நின்றால், பாரத்தில் உள்ள மலாய்ச் சொற்களிலேயே பாதி நாள் போய்விடும். முடிந்தால் ஒரு காலைப் பொழுது கூடப் போங்கள்.